உண்ணிக் காய்ச்சலுக்கான நுண்ணுயிர் எதிரி மருத்துவம்

உண்ணிக் காய்ச்சல் அல்லது ஸ்க்ரப் டைபஸ் என்பது ஓரியன்சியா சுட்சுகாமுசி என்னும் பாக்டீரியாவால் ஏற்படும் காய்ச்சல் நோய் ஆகும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது மனிதருக்குத் தொற்றுகிறது. ஆசியாவின் பெரும்பகுதியிலும் பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் ஆத்திரேலியாவின் வடபகுதியிலும் இந்நோய் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களில் மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்நோயின் சிகிச்சை எளியது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளில் ஒன்றை உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிந்துவிடும். இவை விலை குறைந்தவை. வாய்வழி உட்கொள்ளத் தக்கவை. ஆயினும், காய்ச்சலுக்குப் பரவலாகப் பயன்படும் பல வலிமையான ஊசி மருந்துகள் இந்நோயில் பயனற்றவை. ஆகவே நோய் இன்னதென்று ஐயுறாமல் வேறு மருந்துகளில் நாட்கள் கழிவதே உயிரிழப்புக்கு முக்கியக் காரணமாகிறது. சிகிச்சை பெறாதவர்களில் இறப்பு வீதம் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டாலும், 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதன் இடைநிலை அளவை 6 விழுக்காடு எனக் கணித்தது. சிகிச்சை பெற்றவர்களில் இது ஏறத்தாழ 1.4 விழுக்காடு என 2017இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு தெரிவித்தது.

பெயர்

டைபஸ் என்பதும் டைபாய்டு என்பதும் வெவ்வேறு நோய்கள். டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல் சால்மோனெல்லா வகைப் பாக்டீரியாவால், மாசடைந்த நீர், உணவு வழியாகப் பரவுவது. டைபஸ் காய்ச்சல்கள் பேன், தெள்ளுப்பூச்சி, உண்ணி போன்ற ஒட்டுண்ணிகளால் பரவுபவை. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டும் பேச்சு வழக்கில் மட்டுமன்றிச் சிகிச்சையிலும் குழப்பப்படுவதுண்டு.

ஸ்க்ரப் என்பது முட்புதர் மண்டிய நிலத்தைக் குறிக்கும். 1920களில் மலாயாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள், நகரக் கடைத்தெருக்களில் கண்ட டைபசிலிருந்து தோட்டப்புறங்களில் கண்ட டைபசைப் பிரித்தறிய இச்சொல்லைப் பயன்படுத்தினர். காடழித்து உருவாக்கப்பட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் அந்நோய்க்கு உகந்த இடங்களாயின. பாக்டீரியாவின் பெயரிலுள்ள சுட்சுகாமுசி என்பது சப்பானியச் சொல். சுட்சுகா என்றால் நோய் அல்லது தீங்கு. முசி என்றால் பூச்சி. இப்பாக்டீரியா முன்னர் ரிக்கெட்சியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1995இல் ஓரியன்சியா என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

தமிழில் வழங்கும் உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரிலும் ஒரு தெளிவு வேண்டும். ஆடு, மாடு, நாய் ஆகியவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு பருத்துக் காணப்படும் உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை. இதைப் பரப்புவது மண்ணிலும் புல்லிலும் வாழும் மிகச் சிறிய சிற்றுண்ணி ஆகும்.

நோய் தொற்றும் முறை

தமிழ்நாட்டில் இந்நோயைப் பரப்பும் முதன்மை இனமாக லெப்டோட்ராம்பிடியம் டெலியென்சி என்ற சிற்றுண்ணி கருதப்படுகிறது. இதன் வாழ்வில் முட்டை, இளம்பருவம், இடைப்பருவம், முதிர்பருவம் என நிலைகள் உண்டு. இவற்றுள் ஆறு கால்கள் கொண்ட இளம்பருவம் மட்டுமே பாலூட்டிகளைக் கடிக்கும். அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு போன்ற சிறு விலங்குகளே அதன் வழக்கமான இரை. புல்லில் அமரும் அல்லது புதருக்குள் செல்லும் மனிதரை அது தற்செயலாகவே கடிக்கிறது.

தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் பாக்டீரியா கடத்தப்படுகிறது. எனவே எலி நோயுற்றிருக்க வேண்டும் என்பதில்லை. சிற்றுண்ணியே நோய்க்காரணியின் உறைவிடமாகவும் பரப்பியாகவும் விளங்குகிறது. நோயாளியைத் தொடுவதாலோ, அவர் இருமுவதாலோ இந்நோய் பிறருக்குப் பரவாது.

கடிபட்ட 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10 நாட்களை ஒட்டி, காய்ச்சல் தொடங்கும். பாக்டீரியா குருதிக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களுக்குள்ளும் சில வெள்ளணுக்களுக்குள்ளும் புகுந்து பெருகுகிறது. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் குருதிக் குழாய்கள் செல்வதால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், இதயம், மூளை ஆகிய எதுவும் பாதிக்கப்படலாம்.

மதுரையும் சுற்றுச் சமவெளியும்

உண்ணிக் காய்ச்சல் மலைப்பகுதி நோய், காட்டு நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா போர்முனைகளில் படைவீரர்கள் பெருமளவில் இதற்கு ஆளானது அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. ஆனால் சமவெளிகளில் உள்ள ஊர்களிலும் நகர்ப்புற ஓரங்களிலும் இந்நோய் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2001-2002 குளிர்மாதங்களில் தென்னிந்தியாவில் ஏற்பட்ட நோய்ப்பரவலைப் பதிவு செய்தனர். 2007இல் வெளியான ஒரு குருதிநீர் ஆய்வு, டைபஸ் வகைக் காய்ச்சல்கள் தமிழ்நாட்டில் பரந்து காணப்படுவதற்குச் சான்றளித்தது.

மதுரையைச் சூழ்ந்த நிலப்பரப்பு இந்நோய்க்கு உகந்த கூறுகள் பலவற்றைக் கொண்டது. வைகை, பெரியாறு பாசனத்தால் நெல் விளையும் மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் வயல்களும் கண்மாய்களும் வாய்க்கால்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. பயிர்நிலமும் புதரும் சந்திக்கும் விளிம்புகளே எலிகளும் சிற்றுண்ணிகளும் மிகுந்து வாழும் இடங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் புல் தழைக்கும். களையெடுப்பு, அறுவடை, ஆடு மேய்த்தல், விறகு பொறுக்குதல் எனப் பல வேலைகள் இவ்விடங்களிலேயே நடக்கும். வீட்டுக் கொல்லையில் சேரும் விறகுக் குவியலும் குப்பையும்கூட எலிகளை ஈர்த்து, வயலுக்குச் செல்லாதவர்களுக்கும் நோய் தொற்ற வழிசெய்கின்றன.

அதே மாதங்களில் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு ஆகியவையும் இப்பகுதியில் பரவுவதால் நோயறிதல் கடினமாகிறது. மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை, சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் கடுமையான நோயாளிகள் அனுப்பப்படும் மருத்துவமனையாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் மதுரையில் நிறுவிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்ணிக் காய்ச்சல் கண்ட பகுதிகளில் எலிகளின் மேலுள்ள ஒட்டுண்ணிகளை ஆராய்ந்துள்ளது. இம்மையம் பின்னர் புதுச்சேரியிலுள்ள நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்துடன் இணைக்கப்பட்டது.

நோயின் அளவைப் பற்றிய தெளிவான தரவு 2025இல் வெளியானது. தமிழ்நாட்டின் 37 ஊர்களில் ஏறத்தாழ 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, ஊரக மக்களில் ஆண்டுதோறும் 10 விழுக்காட்டினர் வரை இத்தொற்றுக்கு ஆளாகின்றனர் எனக் கண்டது. அவர்களுள் 8 முதல் 15 விழுக்காட்டினருக்கு மட்டுமே காய்ச்சல் ஏற்பட்டது. அதாவது, பெரும்பாலோர் அறியாமலே தொற்றைக் கடந்துவிடுகின்றனர். ஒரு சிறுபகுதியினர் கடும் நோய்க்கு ஆளாகின்றனர். அதே ஆண்டு சனவரியில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை, சென்னை உள்ளிட்ட வடமாவட்டங்களில் இந்நோய் மிகுவதைச் சுட்டி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது.

நோயை ஐயுறுதல்

காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை பல காய்ச்சல்களுக்கும் பொதுவானவை. இந்நோய்க்கே உரிய அடையாளம் கடிவாயில் உண்டாகும் கரும்பொருக்கு ஆகும். இது சிகரெட்டால் சுட்ட புண்போல, நடுவில் கருத்தும் விளிம்பில் சிவந்தும் காணப்படும். வலியோ அரிப்போ பெரும்பாலும் இராது. அக்குள், கவட்டை, இடுப்பில் ஆடை இறுகும் இடம், மார்பகத்தின் அடிப்பகுதி, காதின் பின்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே பெரிதும் அமைவதால் நோயாளியே அதை அறிந்திருக்க மாட்டார். மருத்துவர் தேடிப் பார்த்தால்தான் தென்படும். எல்லா நோயாளிகளிடமும் இது இருப்பதில்லை என்பதால், கரும்பொருக்கு இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது.

ஆய்வகச் சோதனைகளில் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

• வெயில்-பெலிக்ஸ் சோதனை: பழமையானது, மலிவானது, நோயைத் தவறவிடும் வாய்ப்பு மிகுதி.
• ஐஜிஎம் எலைசா: இந்தியாவில் இன்று பரவலாகப் பயன்படுவது. காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாட்கள் கழிந்த பின்னரே நம்பத்தக்க முடிவைத் தரும்.
• பிசிஆர்: பாக்டீரியாவின் மரபுப்பொருளை நேரடியாகக் கண்டறிவது. கரும்பொருக்கிலிருந்து எடுத்த மாதிரியில் சிறப்பாகச் செயல்படும். எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

டைபாய்டுக்காகச் செய்யப்படும் வைடால் சோதனை, முன்னர் ஏற்பட்ட தொற்று, தடுப்பூசி முதலிய காரணங்களால் பொய்யாக நேர்மறை முடிவு தரக்கூடும். அவ்வாறு ஒருவருக்கு டைபாய்டு என்று முடிவுசெய்து மருந்து தொடங்கினால், உண்ணிக் காய்ச்சல் தடையின்றி முற்றிவிடும். டெங்குவைப் போலவே இந்நோயிலும் தட்டணுக்கள் குறையும் என்பதால், தட்டணு எண்ணிக்கையை மட்டும் கொண்டு டெங்கு என முடிவு செய்வதும் தவறாகலாம்.

இக்காரணங்களால், 2015இல் இந்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு காரணம் புலப்படாமல் ஐந்து நாட்களோ மேலோ நீடிக்கும் காய்ச்சலில் இந்நோயை ஐயுற வேண்டும் என்கிறது. கரும்பொருக்கு காணப்பட்டால் ஐந்து நாள் காத்திருக்கவும் தேவையில்லை. ஐயம் எழுந்தவுடன், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது அவ்வழிகாட்டுதலின் மையக் கருத்தாகும்.

பயன்தராத மருந்துகள்

பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் முதலிய பீட்டா-லாக்டம் மருந்துகள் பாக்டீரியாவின் புறச்சுவர் உருவாவதைத் தடுத்துக் கொல்பவை. ஓரியன்சியாவில் அப்புறச்சுவரின் வழக்கமான கட்டுமானப் பொருள் மிகச் சொற்பமே உள்ளது. மேலும் இப்பாக்டீரியா மனித உயிரணுவுக்குள் மறைந்து வாழ்கிறது. இம்மருந்துகள் அங்கே போதிய அளவில் சென்று சேர்வதில்லை. செண்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகளும் உயிரணுவுக்குள் எளிதில் புகாதவை. மெரோபெனம் போன்ற விலையுயர்ந்த ஊசி மருந்தும் பீட்டா-லாக்டம் வகையே என்பதால் அதுவும் இங்கு உதவாது.

சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்ட குயினோலோன் வகை மருந்துகள் உயிரணுவுக்குள் புகக்கூடியவை. எனினும் அவை தாக்கும் நொதியில் ஓரியன்சியாவுக்கு இயல்பிலேயே அமைந்துள்ள ஒரு மாற்றம் அவற்றின் வலிமையைக் குறைக்கிறது. ஆகவே அவையும் பரிந்துரைக்கப்படுவதில்லை.

கடுங்காய்ச்சலுக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுவது இந்தியாவில் மிகப் பரவலான வழக்கம். ஊசி மாத்திரையைவிட வலியது என்ற நம்பிக்கையும் மக்களிடம் உண்டு. உண்ணிக் காய்ச்சலில் இந்நம்பிக்கை நேர்மாறாகிறது. மூன்று நான்கு நாட்கள் ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல், மருந்தின் வலிமை போதாது என்பதைவிட நோய் வேறு என்பதையே பெரும்பாலும் உணர்த்துகிறது.

மருந்துகளின் வரலாறு

நுண்ணுயிர் எதிரிகள் கிடைப்பதற்கு முன் இந்நோய்க்குக் குறிப்பான மருந்து இல்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பாரா-அமினோபென்சாயிக் அமிலம் ஓரளவு பயன்தந்தது. ஆனால் அதைப் பேரளவில், இடைவிடாது கொடுக்க வேண்டியிருந்தது.

1947இல் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோராம்பெனிகால் பிரித்தெடுக்கப்பட்டது. 1948இல் சோசப் சுமடெல் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் தங்கி, உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தது. வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல் ஓரிரு நாட்களில் தணிந்தது. இந்நோயைக் குணமாக்கிய முதல் நுண்ணுயிர் எதிரி இதுவே.

அந்த ஆய்வில் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. உண்ணிக் காய்ச்சல் எனக் கருதி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு எனப் பின்னர் தெரியவந்தது, அவர்களும் குணமடைந்தனர். டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் மருந்தாகும் என்பது இவ்வாறே மனித நோயாளிகளிடம் அறியப்பட்டது. அன்று இரு நோய்களுக்கும் ஒரே மருந்து இருந்ததால், ஒன்றை மற்றொன்றாகக் கருதியபோதும் நோயாளி பிழைத்தார். இன்று டைபாய்டுக்குச் செஃப்ட்ரியாக்சோன் முதன்மை மருந்துகளுள் ஒன்றாக இருப்பதால், அதே குழப்பம் உண்ணிக் காய்ச்சல் நோயாளியின் உயிருக்கு ஊறு செய்யக்கூடும்.

குளோராம்பெனிகாலைத் தொடர்ந்து டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தன. அவற்றுள் நீண்டநேரம் உடலில் நிலைக்கும் டாக்சிசைக்ளின் 1967 முதல் பயன்பாட்டுக்கு வந்து, உண்ணிக் காய்ச்சலின் முதன்மை மருந்தானது. 1980இல் யுகோசுலாவியாவின் சாக்ரெப் நகரில் கண்டறியப்பட்ட அசித்ரோமைசின் பின்னர் மாற்று மருந்தாக இடம்பெற்றது. 2004இல் வெளியான தென்கொரிய ஆய்வு ஒன்று, கடுமையற்ற நோயில் ஒரே வேளை அசித்ரோமைசின், ஒரு வாரம் கொடுத்த டாக்சிசைக்ளினுக்கு நிகரான பயன் தந்ததைக் காட்டியது.

இன்று பயன்படும் மருந்துகள்

டாக்சிசைக்ளின்: பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் சிறு துணையலகில் பிணைந்து புரத ஆக்கத்தை நிறுத்துகிறது. உயிரணுவுக்குள் எளிதில் புகும். வாய்வழி உட்கொண்டால் ஏறத்தாழ முழுவதும் குருதியில் சேர்வதால், வாந்தி இல்லாத நோயாளிக்கு மாத்திரையே போதுமானது. உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கக் கூடுமாதலால் நிறைய நீருடன், நிமிர்ந்து அமர்ந்து விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணச்சத்து மாத்திரை, அமில எதிர்ப்பு மருந்து ஆகியவற்றை அதே வேளையில் உட்கொண்டால் இது உடலில் சேர்வது குறையும். வெயிலில் தோல் சிவத்தலும் சிலருக்கு உண்டாகலாம்.

அசித்ரோமைசின்: ரைபோசோமின் பெரிய துணையலகில் செயற்படுவது. கருவுற்ற பெண்களுக்கு முதன்மை மருந்து. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் சிலருக்கு மாற்றம் உண்டாக்கலாம் என்பதால் இதயநோய் உள்ளவர்களிடம் கவனம் தேவை.

குளோராம்பெனிகால்: இன்றும் பயன்தரக்கூடியது. அரிதாக எலும்பு மச்சையைச் செயலிழக்கச் செய்யும் ஆபத்து இருப்பதால் பிற மருந்துகள் கிடைக்காத நிலையிலேயே பயன்படுகிறது.

ரிஃபாம்பிசின்: தாய்லாந்தில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில் நல்ல பயன் தந்தது. ஆனால் இது காசநோயின் அடிப்படை மருந்து. காசநோய் மிகுந்த இந்தியாவில், கண்டறியப்படாத காசநோய் உள்ளவருக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் காசநோய்க் கிருமி எதிர்ப்புத் திறன் பெறக்கூடும். எனவே வழக்கமான பயன்பாட்டில் இல்லை.

2015ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டுதலில், கடுமையற்ற நோய்க்கு வாய்வழி கொடுக்கக் கூறப்பட்ட அளவுகள் வருமாறு:

• 45 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளோர்: டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, 7 நாட்கள், அல்லது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, 5 நாட்கள்.
• அதற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகள்: டாக்சிசைக்ளின், எடையில் ஒரு கிலோகிராமுக்கு 4.5 மில்லிகிராம் வீதம் ஒரு நாளுக்குரிய அளவைக் கணக்கிட்டு இரு வேளைகளாகப் பிரித்து. அல்லது அசித்ரோமைசின் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரு வேளை, 5 நாட்கள்.
• கருவுற்ற பெண்கள்: அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, 5 நாட்கள்.

இவ்வளவுகள் பொது அறிவுக்காகத் தரப்படுகின்றன. மருந்தையும் அளவையும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கடுமையான நோயில் கூட்டு மருந்து

நோய் தொடங்கி ஒரு வாரத்துக்குப் பின் மூச்சுத்திணறல், குருதியழுத்த வீழ்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு, மஞ்சள் காமாலை, மூளையழற்சி ஆகியவை ஏற்படலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 2005 முதல் 2010 வரை மருத்துவம் பெற்ற 623 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். பெரிய மருத்துவமனைக்குப் பெரும்பாலும் கடும் நோயாளிகளே வந்து சேர்வதை இவ்வெண்ணைப் படிக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய நோயாளிகளுக்கு எம்மருந்து சிறந்தது என்பதற்கு நெடுங்காலம் உறுதியான விடை இல்லை. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கடுமையற்ற நோயாளிகளிடம் நடத்தப்பட்டவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சார்ச்சு எம். வர்கீசு தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இக்குறையைப் போக்கியது. அதன் முடிவுகள் 2023 மார்ச்சு மாதம் நியூ இங்கிலாந்து சர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின.

குறைந்தது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்ட, 15 வயது நிறைந்த நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஏழு நாட்கள் சிரைவழி மருந்து பெற்றனர். பகுப்பாய்வுக்கு எடுக்கப்பட்ட 794 பேரில் 62 விழுக்காட்டினருக்கு மூச்சு மண்டலமும், 54 விழுக்காட்டினருக்குக் கல்லீரலும், 42 விழுக்காட்டினருக்கு இதயக் குருதிச் சுற்றோட்டமும், 30 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகமும், 20 விழுக்காட்டினருக்கு நரம்பு மண்டலமும் பாதிக்கப்பட்டிருந்தன.

28 நாட்களுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்த அளவுகோலால் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. இவற்றுள் ஒன்றேனும் ஏற்பட்டவர்களின் விழுக்காடு:

• இரண்டும் சேர்த்துப் பெற்றோர்: 33
• டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றோர்: 47
• அசித்ரோமைசின் மட்டும் பெற்றோர்: 48

இறப்பை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் மூன்று குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கூட்டு மருந்தின் நன்மை சிக்கல்களும் காய்ச்சலும் விரைவில் தீர்வதில் வெளிப்பட்டது. இரு மருந்துகளும் ரைபோசோமின் இருவேறு இடங்களைத் தாக்குவதால் பாக்டீரியாவின் புரத ஆக்கம் இன்னும் முழுமையாகத் தடைப்படுகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இவ்வாய்வில் கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் இடம்பெறாததால் அவர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. கடுமையற்ற நோய்க்கு ஒரு மருந்தே போதும்.

சரியான மருந்து கொடுத்தும் கடும் நோயாளி சிலர் இறக்கின்றனர் என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது. உறுப்புகள் பாதிக்கப்பட்ட பின் மருந்து பாக்டீரியாவை நிறுத்தினாலும் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை உடனே மாற்றாது. செயற்கை மூச்சு, குருதி ஊடுபிரிப்பு போன்ற துணைச் சிகிச்சைகளும் அப்போது தேவைப்படும்.

கருவுற்ற பெண்களும் குழந்தைகளும்

கருவுற்ற காலத்தில் இந்நோய் தாய்க்கும் கருவுக்கும் ஊறு விளைவிக்கும். கருச்சிதைவு, குறைப்பேறு, இறந்து பிறத்தல் ஆகியவை பதிவாகியுள்ளன. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கருவின் பல், எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் அசித்ரோமைசினே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பற்களில் கறை படியும் என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. அது பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளின் அனுபவத்திலிருந்து வந்தது. குறுகிய காலம் டாக்சிசைக்ளின் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய கறை காணப்படவில்லை எனப் பின்னர் வந்த ஆய்வுகள் தெரிவித்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 21 நாட்கள் வரையிலான பயன்பாட்டை எவ்வயதினருக்கும் ஏற்கிறது.

குழந்தைகளில் இந்நோயைத் தவறவிடுவதன் விளைவை உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரம் காட்டியது. அங்கு ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மூளையழற்சியால் குழந்தைகள் இறந்துவந்தனர். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் பிறரும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வுகளில், அக்குழந்தைகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் உண்ணிக் காய்ச்சல் தொற்றுக்கான சான்று கிடைத்தது. அதன்பின் காய்ச்சலின் தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுப்பது அங்கு வலியுறுத்தப்பட்டது.

மருந்து எதிர்ப்புத் திறன்

1996இல் வடதாய்லாந்திலிருந்து, டாக்சிசைக்ளினுக்கும் குளோராம்பெனிகாலுக்கும் சரிவரக் கட்டுப்படாத உண்ணிக் காய்ச்சல் பற்றிய அறிக்கை வெளியாகிக் கவலையை ஏற்படுத்தியது. எனினும் 2020இல் வெளியான ஒரு மீளாய்வு, டாக்சிசைக்ளின் எதிர்ப்பு என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என வாதிட்டது. சிகிச்சை தாமதமாகத் தொடங்குதல், நோயின் கடுமை, உடன் வேறு தொற்று இருத்தல் ஆகியவையும் காய்ச்சல் மெல்ல இறங்கக் காரணமாகலாம். டாக்சிசைக்ளின் இன்றும் முதன்மை மருந்தாகவே நீடிக்கிறது.

மருந்து தொடங்கி 48 மணிநேரத்தில் காய்ச்சல் தணிவது இந்நோயின் இயல்பு என்பதால், சோதனை வசதியற்ற இடங்களில் இதுவே நோயறிதலுக்கும் துணையாகிறது. அவ்வாறு தணியாவிடில் நோயறிதலை மீண்டும் ஆராய்வதும், உறுப்புப் பாதிப்பு உள்ளதா எனப் பார்ப்பதும், தேவையெனில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் நோயாளி மருந்தை நிறுத்திவிடாமல் கூறப்பட்ட நாட்கள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

தடுப்பு

இந்நோய்க்கு இதுவரை தடுப்பூசி இல்லை. பாக்டீரியாவில் கார்ப், கில்லியம், காட்டோ எனப் பல வகைகள் இருப்பதும், ஒரு வகையால் பெறும் எதிர்ப்பாற்றல் மற்றொன்றுக்கு நெடுநாள் உதவாததும் இதற்குத் தடையாக உள்ளன. ஒருமுறை நோயுற்றவர் மீண்டும் நோயுறலாம். ஆபத்து மிகுந்த பகுதிக்குக் குறுகிய காலம் செல்லும் படைவீரர் போன்றோருக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுப்பது பயன்தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊர் மக்கள் அனைவருக்கும் அவ்வாறு கொடுப்பது நடைமுறை அன்று.

பின்வரும் எளிய வழிகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

• வயல், புதர்ப்பகுதி வேலைகளில் கைகால்களை மூடும் ஆடை அணிதல்.
• புல்தரையிலோ வரப்பிலோ வெறுமனே அமராமலும் படுக்காமலும் இருத்தல். கழற்றிய ஆடையைப் புதர்மேல் உலர்த்தாதிருத்தல்.
• வேலை முடிந்து வந்ததும் குளித்து, ஆடையை மாற்றித் துவைத்தல்.
• வீட்டைச் சுற்றியுள்ள புதர், விறகுக் குவியல், குப்பை ஆகியவற்றை அகற்றி எலிகளைக் குறைத்தல்.
• காய்ச்சல் வந்தால், அண்மையில் வயலிலோ புதரிலோ வேலை செய்ததையும் உடலில் கரும்பொருக்கு இருப்பதையும் மருத்துவரிடம் கூறுதல்.

இவற்றையும் பார்க்க

• டாக்சிசைக்ளின்
• அசித்ரோமைசின்
• எலிக்காய்ச்சல்
• டெங்கு காய்ச்சல்
• குடற்காய்ச்சல்